கரையில் நின்றவர்கள்

சென்ற ஆடியில் அப்பாவுக்கு ஆன்லைனில் ஒரு கைத்தடி வாங்கினேன். அலுமினியம். நான்காக மடித்துப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம், அடியில் வழுக்காத ரப்பர், பிடியில் ஒரு சின்ன டார்ச் கூட உண்டு. அப்பாவுக்கு 72 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டில் போட்ட கட்டை அப்போதுதான் பிரித்திருந்தார்கள். ‘இனிமே வெளிய போனா ஒரு ஸ்டிக் வெச்சுக்கோங்க’ என்று டாக்டர் சொல்லியிருந்தார். பார்சலைப் பிரித்துத் தடியை நீட்டினேன். அப்பா வாங்கி, மடித்து, விரித்து, டார்ச்சைப் போட்டுப் பார்த்து, ‘நல்லாத்தான் இருக்குது கண்ணு’ என்று சொல்லி என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலை டீக்கடைக்குக் கிளம்பும்போது அவர் கையில் நீளக் குடை இருந்தது. வானத்தில் பொட்டு மேகம் கிடையாது.

அன்றிலிருந்து குடைதான். கோபி பக்கம் எங்கள் ஊரில் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வெயிலுக்கும் விரியாத, மழைக்கும் விரியாத நீளக் குடைகள் நிறைய நடமாடுவது தெரியும். முப்பது வருடங்களாக அவற்றைப் பார்த்திருக்கிறேன். அவையெல்லாம் என்ன என்று இப்போதுதான் புரிந்தது.

அந்தக் குடைதான் என்னைப் புறநானூற்றின் 243ஆம் பாட்டுக்குத் திரும்பக் கொண்டுபோனது. எழுதியவர் தொடித்தலை விழுத்தண்டினார். இது அவர் பெயர் இல்லை. பூண் போட்ட தலையை உடைய நல்ல தடி என்பதுதான் பொருள். பாட்டுக்குள் வரும் தொடர் அது. செம்புலப்பெயனீரார் மாதிரி, இவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் தொலைந்துபோய், எழுதிய தொடரே பெயராக ஒட்டிக்கொண்டது. ஊர் தெரியாது, குலம் தெரியாது, எந்த அரசனிடம் பாடிப் பரிசில் வாங்கினார் என்பதும் தெரியாது. ஒரு மனிதர் போய், அவர் ஊன்றிய கம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. என் அப்பா எதைப் பார்த்துக் குடையை எடுத்தாரோ, அது அவருக்கு முன்னால் இவருக்கு நடந்துவிட்டது.

ஆனால் முதலில் இன்னொரு பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் 20 வயதில் எனக்குப் பிடித்தது அதுதான்.

கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்தபோது தமிழ் மன்றப் பேச்சுப்போட்டி எதுவாக இருந்தாலும் பிசிராந்தையாரை இழுத்துவருவேன். புறநானூறு 191. இத்தனை ஆண்டாகியும் உமக்கு ஏன் நரை இல்லை என்று கேட்கிறார்கள். அவர் பதில் சொல்கிறார். மனைவி மாட்சிமை உடையவள், பிள்ளைகள் அறிவு நிரம்பியவர்கள், ஏவலர்கள் நான் நினைப்பதையே நினைக்கிறார்கள், அரசன் அல்லாதது செய்யாமல் காக்கிறான், இவற்றுக்கெல்லாம் மேலாக என் ஊரில் அடக்கமான சான்றோர் பலர் இருக்கிறார்கள். ஏழே அடி. பட்டிமன்றத்துக்கென்றே எழுதினது போல இருக்கும். கவலை இல்லாவிட்டால் நரை இல்லை என்று ஒரு போடு போட்டுவிட்டு இறங்கினால் கைதட்டல் நிச்சயம். டென்ஷன் இல்லாமல் வாழ்வது எப்படி என்று போன வருடம் எங்கள் ஆபீஸில் ஒரு வகுப்பு நடத்தினார்கள். அதிலும் இந்தப் பாட்டு ஒரு ஸ்லைடில் வந்தது. படித்த எனக்கே கூச்சமாக இருந்தது. பாட்டின் மீது தப்பில்லை. நாங்கள் அதை ஷாம்பு விளம்பரமாக ஆக்கி வைத்திருக்கிறோம்.

அந்தப் பாட்டு எங்கே நின்று சொல்லப்பட்டது என்பதை நான் மேடையில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. கோப்பெருஞ்சோழனுக்கும் அவன் மகன்களுக்கும் பகை. மகன்கள் எதிர்த்து நின்றதில் மனம் வெறுத்து அவன் வடக்கிருந்து உயிரை விட முடிவுசெய்கிறான். பாண்டிய நாட்டுப் பிசிரில் இருக்கும் ஆந்தையாரை அவன் நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவர் வருவார், அவருக்கு இடம் ஒதுக்கி வையுங்கள் என்கிறான். வருகிறார். அங்கிருந்த சான்றோர்கள் அவரைப் பார்த்து, உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டே பல காலம் ஆகிறதே, உங்களுக்கு நரையைக் காணோமே என்கிறார்கள். அதற்குத்தான் இந்தப் பதில். சொன்னவர் பிறகு சோழன் அருகில் வடக்கிருந்து இறந்துபோகிறார்.

இதை யோசித்துப் பார்க்க வேண்டும். பெற்ற மகன்களாலேயே சாகப்போகும் ஒருவனைப் பார்க்க வந்த இடத்தில், என் பிள்ளைகள் நல்லவர்கள் என்று ஒருவர் சொல்கிறார். அரசன் நல்லவன் என்கிறார். பாண்டியன் அறிவுடை நம்பிக்கு, வரி வாங்குவதில் யானை புகுந்த வயல் ஆகிவிடாதே என்று 184ஆம் பாட்டில் எச்சரிக்கை சொன்னவரும் இவரேதான். ஆகவே இது எந்தக் குறையும் பார்க்காத அப்பாவியின் பேச்சு இல்லை. இவ்வளவு நிறைவான வீட்டையும் ஊரையும் விட்டுவிட்டுப் பார்த்தறியாத ஒரு நண்பனோடு சாக வந்திருக்கிறார். அங்கே தலைமுடியைப் பற்றிக் கேட்கிறார்கள், அவர் மனிதர்களைப் பட்டியல் போடுகிறார். இளமையின் ரகசியம் என்று நான் மேடையில் கூவியது சாவின் திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் கொடுத்த கணக்கு. இது தெரியாமலேயே நான்கு கோப்பை வாங்கியிருக்கிறேன். (இரண்டு பிளாஸ்டிக்.)

243ஐயும் அந்தக் காலத்திலேயே படித்திருந்தேன். கிழவர் ஒருவர் பழசை நினைத்துப் புலம்புகிறார் என்று தோன்றியது. பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

இப்போது எனக்கு 38. பாட்டை மெதுவாகவே படிக்க முடிகிறது. பதினான்கு அடிகள். இப்போது நினைத்தால் இரக்கமாக இருக்கிறது என்று தொடங்குகிறது. உடனே நேராக ஆற்று மணலுக்குப் போய்விடுகிறது. மணலில் செய்த பாவைக்குப் பூப்பறித்துச் சூட்டும் பெண்கள், அவர்களோடு கைகோத்துக்கொண்டு குளிர்ந்த நீரில் ஆடுவது, அவர்கள் தழுவினால் தழுவி, அசைந்தால் அசைந்து, ஒளிவுமறைவே தெரியாத ஒரு கூட்டம். அங்கே துறையில் தாழ்ந்து நிற்கும் மருதமரம். நீருக்குப் பக்கமாகப் படிந்த கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் மிரள, அலை சிதற, ஆழமான மடுவில் ‘துடும்’ என்று பாய்ந்து, அடிவரை முங்கி மணலை அள்ளிக்கொண்டு வருவது. இவ்வளவுக்கும் ஒன்பது அடி எடுத்துக்கொள்கிறார். அந்த இளமை இரங்கத்தக்கது, இப்போது எங்கே இருக்கிறதோ என்று ஓரடி. கடைசி மூன்று அடியில்தான் கிழவர் கண்ணுக்குத் தெரிகிறார். பூண் போட்ட தடியை ஊன்றி, நடுங்கி, இருமலுக்கு நடுவே இரண்டொரு சொல் பேசுகிறவர்.

இதில் என்னைத் தொந்தரவு செய்வது இந்த விகிதம். முதுமையைப் பற்றிய பாட்டு என்று சொல்லிக்கொள்கிறோம், முதுமைக்குக் கிடைத்தது மூன்றடி. ஒன்பது அடியையும் ஒரே மூச்சில், வினை மேல் வினையாக, நிறுத்தாமல் ஓட்டுகிறார். கைகோத்து, தழுவி, ஏறி, பாய்ந்து, முங்கி என்று எச்சங்களாகவே போகிறது வாக்கியம். படிக்கும் நமக்கே மூச்சு வாங்குகிறது. அப்புறம்தான் தெரிகிறது, இதைச் சொன்னவர் இருமலுக்கு நடுவில் சில சொல் மட்டுமே பேசக்கூடியவர் என்று. அப்படியானால் இத்தனை நேரம் இருமாமல் பேசியது யார்? நேரில் அவருக்கு இரண்டு சொல்லுக்கு மேல் வராது. பாட்டில் மட்டும் அந்தப் பழைய மூச்சு திரும்பியிருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் புறநானூற்றின் தலைசிறந்த பத்துப் பாட்டுகளில் சேர்ப்பேன். மற்ற ஒன்பதைப் பற்றிச் சண்டை போடலாம்.

பாட்டின் கீழே தொகுத்தவர்கள் எழுதியிருக்கும் குறிப்பு அதைவிட ஆச்சரியம். திணை பொதுவியல், துறை கையறுநிலை. கையறுநிலை என்றால் இறந்தவரைப் பற்றிய புலம்பல், பெரும்பாலும் காத்த தலைவன் போனபின் புலவன் பாடுவது. இதற்கு முந்தைய 242, ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் செத்தபின், முல்லைப் பூவைப் பார்த்து நீயும் பூத்தாயா என்று கேட்கிற பாட்டு. இரண்டு பாட்டு தள்ளி 245, மனைவியைச் சிதையில் வைத்துவிட்டும் உயிரோடு இருக்கிறேனே என்று ஒரு சேர அரசன் தன்னையே கேட்டுக்கொள்வது. அடுத்தது தீயில் இறங்கும் பூதப்பாண்டியன் தேவியின் பாட்டு. இந்தச் சாவு வீட்டு வரிசைக்கு நடுவில் குளத்தில் குதித்த கதையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். செத்தது யார்? இளமைதான். அது அவருக்கு வள்ளலாக இருந்திருக்கிறது. கேட்காமல் கொடுத்த வள்ளல்.

நிலையாமைப் பாட்டு என்று இதைச் சொல்கிறவர்களுக்கு என்னுடைய பதில் இந்தக் குறிப்புதான். நிலையாமையைச் சொல்லப் புறநானூற்றிலேயே பெருங்காஞ்சி என்று தனித் துறை இருக்கிறது. சுடுகாட்டையும் அழிந்த அரசர்களையும் காட்டி, ஆகவே நல்லது செய் என்று முடியும் பாட்டுகள் அங்கே இருக்கின்றன. தொகுத்தவர்கள் இதை அங்கே போடவில்லை. இதில் ‘ஆகவே’ கிடையாது. இளமை நில்லாது, ஆகவே கடவுளைக் கும்பிடு, தானம் பண்ணு, பெண்ணாசையை விடு என்று எதையும் நம்மிடம் கேட்கவில்லை. இழந்தது எவ்வளவு நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்கிறது. ஆறுதலுக்குக்கூட ஒரு வார்த்தை இல்லை.

‘ஆகவே’க்கு நாலடியார் இருக்கிறது. அதன் இரண்டாவது அதிகாரமே இளமை நிலையாமை. நரை வரும் என்று தெரிந்து அறிவுள்ளவர்கள் சிறுவயதிலேயே துறந்துவிட்டார்கள், இளமையில் மகிழ்ந்து கிடந்தவர்கள் கோலூன்றிக் கஷ்டப்பட்டு எழுந்திருப்பார்கள் என்று ஆரம்பிக்கிறது. இங்கே தடி ஒரு தண்டனை. மகிழ்ந்தாய் அல்லவா, ஊன்று. எனக்கு இது பிடிக்காது. சமண முனிவர்களின் வைராக்கியத்தின் மீது மரியாதை உண்டு. ஆனால் துறந்தவர்களுக்கு மட்டும் முழங்கால் வலிக்காதா என்ன? 243இன் கிழவர் தன் தடியை எப்படிச் சொல்கிறார் பாருங்கள். விழுத்தண்டு. நல்ல தடி, சிறந்த தடி. அதன் தலையில் பூண் இருப்பதைக் கவனித்துச் சொல்கிறார். கை நடுங்கும்போதும் கையில் உள்ள பொருளின் அழகு அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. அதைத் தண்டனையாக நினைக்கிற ஆள் அப்படிப் பெயர் வைக்க மாட்டான்.

இருந்தாலும் நாலடியாரை ஒரேயடியாக ஒதுக்க முடியவில்லை. அதே அதிகாரத்தில் இன்னொரு வெண்பா. உடல் வளைந்து, தளர்ந்து, தலை நடுங்கி, தடியூன்றி விழப்போகும் ஒரு கிழவியைக் காட்டுகிறது. இவளும் ஒரு காலத்தில் உறுதியில்லாத ஆண்களை வாட்டியவள்தான், அவள் கையில் இப்போது உள்ள தடி அவள் அம்மாவின் கையில் இருந்தபோது என்று முடிகிறது. ஆண்களுக்குச் சொல்லும் எச்சரிக்கை இது. அந்தப் பெண் பேசுவதில்லை. ஆண் கிழவருக்குப் பதினான்கு அடிப் பேச்சு கிடைக்கிறது, பெண் கிழவி உதாரணமாக மட்டும் நிற்கிறாள். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தத் தடி! அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த ஒரே தடி. ஆசையை அறுக்கத்தான் முனிவர் அதை எடுத்து வந்தார், ஆனால் ஒரு வீட்டையே காட்டிவிட்டார். அந்த வீட்டில் ஒரு மகள் தன் அம்மா அதை ஊன்றி நடந்ததைப் பார்த்திருக்கிறாள். அம்மா போன பிறகு அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறாள். ஒருநாள் எடுத்து ஊன்றிப் பார்த்திருக்கிறாள். உயரம் சரியாக இருந்திருக்கும்.

நான் வாங்கின அலுமினியத் தடி இப்போது எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அடுத்து யார் கைக்குப் போகும் என்பதில் எனக்கு ரொம்பக் குழப்பம் இல்லை.

38 வயதில் என்ன கிழட்டுத்தனம் என்று கேட்கலாம். அப்பாவே கேட்டார். ஆனால் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு வயதுக் கணக்கு இருக்கிறது. கபடி ஆடுகிறவனுக்கு ஒன்று, கர்நாடகப் பாடகருக்கு ஒன்று. என் தொழிலில் 38 என்பது எதிரே வருகிறவர்கள் வழிவிடும் வயது. எங்கள் டீமில் புதிதாக வந்தவனுக்கு 24. என்னை அண்ணா என்கிறான், பரவாயில்லை. சில சமயம் வாய் தவறி சார் என்றுவிடுகிறான், அதுதான் குத்துகிறது. போன மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி சர்வர் படுத்துவிட்டது. நான் லாக் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, இது இதனால் இருக்கலாம், இப்படிச் செய்தால் அது உடையும், அப்படிச் செய்தால் இது உடையும் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். 2016இல் ஒருமுறை இதே மாதிரி கைவைத்து டேட்டாவை இழந்த அனுபவம் எனக்கு உண்டு. அந்தப் பையனுக்கு அது எதுவும் தெரியாது. ‘அண்ணா, ட்ரை பண்ணிப் பாக்கலாமா?’ என்றான். நான் பதில் சொல்வதற்குள் பண்ணிவிட்டான். சர்வர் எழுந்து உட்கார்ந்தது.

மறுநாள் எல்லோரும் அவனைப் பாராட்டினார்கள், நானும்தான். அவன் செய்தது தப்பான முறை என்பது எனக்குத் தெரியும். அது வேலை செய்ததற்குப் பாதிக் காரணம் அதிர்ஷ்டம். ஆனால் அன்று ராத்திரி படுக்கையில் என்னை உறுத்தியது அது இல்லை. அவன் வயதில் நானும் அப்படித்தான் செய்திருப்பேன், இப்போது கை வராது. இத்தனைக்கும் நான் ஒன்றும் முட்டாளாகிவிடவில்லை. நிறையத் தெரிந்துகொண்டுவிட்டேன், அவ்வளவுதான்.

இங்கேதான் 243இல் இளமைக்கு முன்னால் வரும் ‘கல்லா’ என்ற அடைமொழி எனக்குத் திறந்தது. கல்வி இல்லாத, உலகம் அறியாத என்று உரை சொல்வார்கள். இளமையைக் குறை சொல்லும் சொல் போலத் தெரியும். ஆனால் மடுவின் ஆழம் எவ்வளவு, அடியில் பாறை உண்டா, போன வருடம் யார் இங்கே செத்தார்கள் என்பதெல்லாம் கற்றவன் கிளையில் ஏற மாட்டான். கல்லாமைதான் அங்கே திறமை. கிழவர் இதைத் தெரிந்தே சொல்கிறார் என்று நினைக்கிறேன். அவர் இப்போது கற்றவர். எல்லாம் தெரியும். அதனால்தான் போனது எது என்பதும் சரியாகத் தெரிகிறது. கால் பலமோ தலைமயிரோ இல்லை, தெரியாமல் இருந்த ஒரு நிலை. கால் பலத்தைக்கூட மருந்தில் கொஞ்சம் மீட்கலாம், தெரிந்துபோனதை எதைக் கொண்டு தெரியாததாக ஆக்குவது?

வயதானால் விவேகம் வரும் என்று சமாதானம் சொல்கிறோம். சங்கப் புலவர்களுக்கே அதில் அவ்வளவு நம்பிக்கை இருந்த மாதிரி தெரியவில்லை. நரிவெரூஉத்தலையார் 195இல் மீன் முள்ளைப் போன்ற நரையும் திரை விழுந்த கன்னமும் உள்ள பெரியவர்களைப் பார்த்து, பயனில்லாத முதுமை உங்களுடையது என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறார். நல்லது செய்யாவிட்டால் போகட்டும், கெட்டதையாவது செய்யாமல் இருங்கள் என்கிறார். இன்னொரு பக்கம் கரிகாலன் கதை. வழக்கோடு வந்த முதியவர்கள் இவன் சின்னப் பையன் ஆயிற்றே, இவனுக்கு என்ன தெரியும் என்று தயங்க, அவன் உள்ளே போய் நரைமுடி கட்டிக்கொண்டு கிழவனாக வந்து நியாயமான தீர்ப்புச் சொன்னான் என்பார்கள். கதையைச் சோழன் பெருமைக்காகச் சொல்கிறார்கள். எனக்கு வேறு விதமாகக் கேட்கிறது. தீர்ப்புச் சொன்ன மூளை இளைஞனுடையது, மயிர் மட்டும்தான் கிழம். அப்படியானால் வேலை செய்தது எது? (எங்கள் துறையில் இப்போது நடப்பது இதற்கு நேர் தலைகீழ். இன்டர்வியூவுக்கு முந்தின நாள் டை அடித்துக்கொண்டு போகிற சீனியர்களை எனக்குத் தெரியும். நான் இன்னும் அடிக்கவில்லை. ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன், அதை மறைப்பானேன்.)

ஆக, விவேகம் என்கிற இழப்பீட்டை 243 ஏற்பதில்லை. 191 அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது, பல வருடங்களாக நான் பார்க்கத் தவறின ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு பாட்டிலும் சொல்கிறவரைவிட அவரைச் சுற்றி இருப்பவர்கள்தான் அதிகம். பிசிராந்தையாரிடம் மயிரைப் பற்றிக் கேட்டால் மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊர்ச் சான்றோர் என்று ஊரையே கூட்டுகிறார். தன் உடம்பைப் பற்றியோ உணவைப் பற்றியோ மனசை அடக்கியதைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. தண்டினார் தன் இளமையைச் சொல்ல வந்தால், கைகோத்த பெண்கள், ஒளிவில்லாத கூட்டாளிகள், மிரண்டுபோய்க் கரையில் நின்றவர்கள் என்று அங்கேயும் கூட்டம்தான். கிழவராகும்போதுதான் தனியாக நிற்கிறார். கூட ஒரு தடி. தன்னை ‘நாம்’ என்று பன்மையில் சொல்லிக்கொள்கிறார் என்பது உண்மை. ஆனால் ஒருவரே பேசும்போதும் பன்மை வருவது அந்தப் பாட்டுகளில் வழக்கம், அதன் மேல் மாடி கட்டக்கூடாது.

கரையில் நின்றவர்களை எனக்கு அதற்குமுன் தெரிந்ததே இல்லை. முக்கியமான ஆட்கள் அவர்கள். ஏனென்றால் அடிமணலை எதற்காக அள்ளிவர வேண்டும்? நீச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குளிர்ச்சிக்கும் இல்லை. முங்கினவன் அடியைத் தொட்டானா, பாதியில் திரும்பிவிட்டானா என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது. அந்தக் கைப்பிடி மணல் அவர்களுக்கான அத்தாட்சி. தொட்டேன், பார். மிரண்டவர்கள் மூச்சுவிடுகிறார்கள், சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு இல்லாமல் அந்த மணலுக்கு ஒரு மதிப்பும் கிடையாது.

அவர்கள் இப்போது எங்கே? பாட்டு சொல்வதில்லை. இளமை எங்கே என்று கேட்கிறதே தவிர, அந்தப் பெண்கள் எங்கே என்று கேட்கவில்லை. கேட்க முடிந்திருக்காது. அவர்களில் சிலர் போயிருப்பார்கள், சிலர் வேறு ஊர்களில் தடியோடு இருப்பார்கள். இவர் அடியைத் தொட்டதற்குச் சாட்சி சொல்ல ஆள் இல்லை. வயதாவதில் எனக்கு இப்போது பயமாகத் தெரிவது இதுதான். முழங்கால் இல்லை, நரை இல்லை. நான் 2009இல் முதல் வேலையில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுதி ஓடவிட்ட ஒரு புரோகிராமைப் பார்த்துக் கத்தின மூன்று பேரில் ஒருவன் இப்போது கனடாவில் இருக்கிறான், ஒருவனோடு பேச்சு இல்லை, மூன்றாமவன் இறந்துவிட்டான். அந்த ராத்திரியை இப்போது யாரிடம் போய்ச் சொன்னாலும் அது ஒரு பெரிசின் பழங்கதை. 24 வயதுப் பையன் மரியாதையாகத் தலையாட்டுவான். சார் என்பான்.

அப்போது 191இன் பட்டியல் வேறு மாதிரி கேட்கிறது. இன்னும் கரையில் ஆள் நிற்கிறார்கள் என்கிறார் பிசிராந்தையார். நரைக்காததற்கு அவர் சொல்லும் காரணம் அவ்வளவுதான். அப்படி ஒருவர் கடைசியில் எழுந்து போனது எங்கே என்றால், பார்த்தே இராத ஒரு சிநேகிதன் எனக்கு இடம் வைத்திருக்கிறான் என்று நம்பி, உறையூர்ப் பக்கம். இரண்டு பாட்டையும் சேர்த்துப் பார்க்காமல் இருந்தால் 191ஐ இன்னும் ஷாம்பு விளம்பரம் என்றே ஒதுக்கியிருப்பேன்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லவில்லை. பொங்கலுக்குப் போனபோது 243இன் கதையை மட்டும் சொன்னேன். சாயங்காலம் தோட்டத்துக் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தோம். பாறையை வெட்டின அறுபது அடிக் கிணறு. நான் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகினது அதில்தான், அப்பாவும் அதில்தான். இப்போது போர் போட்ட பிறகு தண்ணீர் கீழே எங்கேயோ பச்சையாகக் கிடக்கிறது. குடையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு அப்பா கேட்டார். கிழவர், மரக்கிளை, துடும், கைப்பிடி மணல்.

‘நாங்களும்தான் எடுப்போம்,’ என்றார். ‘மோட்டார் ரூமு மேல இருந்து குதிப்போம். அடி மண்ணு எடுத்துட்டு வரோணும், இல்லீன்னா அவன் தோத்தான்.’

‘நீங்க எடுத்திருக்கீங்களாப்பா?’

‘ஏன், எடுக்காம?’ கொஞ்ச நேரம் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. ‘ஒருக்கா தண்ணி ரொம்ப ஏறிப் போச்சு. முட்டி முட்டிப் பாத்தேன், அடி சிக்கல. அப்பறம் என்ன பண்றது? மேல இருக்கறப்பவே வாய்க்கால் மண்ணக் கொஞ்சம் கோமணத்துல முடிஞ்சுட்டுக் குதிச்சேன். அத எடுத்து நீட்டுனேன். அத்தன பேரும் நம்பீட்டானுங்க.’

‘யாருக்குமே தெரியாதா?’

‘உங்க சித்தப்பனுக்குத் தெரியும். கரையில நின்னு பாத்துட்டுத்தான இருந்தான். அவன் சொல்லல,’ என்றார். சித்தப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அப்பா மறுபடி சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, ஏதோ சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் குடையால் கிணற்றைக் காட்டினார்.